கடுகளவு

வியாழன் விடியல், நாலு நாற்பது.
புக்கிட் பாஞ்சாங் முனையத்தில்
பேருந்தின் பக்கக் கண்ணாடியைத் திருத்தும்போது
மேலுதட்டின் வலது ஓரம்
முணுமுணுத்தது.

எனக்குத் தெரியும் அந்த முணுமுணுப்பு.
வலி என்று சொல்ல முடியாது.
கதவு திறப்பதற்கு முன்
இருட்டில் யாரோ
சாவித்துளையைத் தடவுகிற சத்தம்.

நாளைக்குள் கடுகளவு.
மறுநாள் கடுகெல்லாம் கூடி
கொத்தாய் நீர் கோத்து நிற்கும்.
ஞாயிற்றுக்கிழமை
அண்ணன் மகளுக்குப் பெயர்சூட்டு.
காதில் உதடு பதித்து
மூன்று முறை சொல்ல வேண்டியவள் அத்தை.
அத்தை
நான் ஒருத்திதான்.

போன வாரம் முழுக்க வெயில்
வலதுகை ஜன்னல் வழியே ஏறி வந்து
முகத்தில் பாதியைத் தின்றது.
ஆள் குறைவென்று இரட்டைப் பணி,
மூன்று இரவு அரைத்தூக்கம்.
போதாதா?
காதோரத்து நரம்பு முடிச்சில்
வருஷக்கணக்காய்ச் சுருண்டு கிடப்பது
எழுந்து நடக்க.

பலதுறை மருந்தகத்தில் டாக்டர் சியா
டார்ச் அடித்துப் பார்த்தார்.
பார்க்க ஒன்றுமில்லை.
"இப்போதே வந்தது நல்லது.
கொப்புளம் பூத்தபின் வந்தால்
மாத்திரைக்குப் பாதி பலன்தான்."
ஒரு நாளுக்கு ஐந்து. வேளை தப்பக்கூடாது.
தொட்டால் கை கழுவு, கண்ணைத் தேய்க்காதே,
கோப்பை, துண்டு, உதட்டுச்சாயம்
எதையும் பங்கு போடாதே,
காய்ந்த பொருக்கைப் பிய்க்காதே.
"வீட்டில் கைக்குழந்தை?"
அண்ணன் வீட்டில்.
இருபத்தேழு நாள்.
பேனாவை மூடி வைத்தார்.
"முத்தம் வேண்டாம். கிட்டவே போகாதீர்கள்.
உங்களுக்கு இது கடுகு.
அவ்வளவு சின்ன உடம்பில்
மூளை வரைக்கும்..."
வாக்கியத்தை முடிக்கவில்லை.
வீடு வரும்வரை
நான் முடித்துக்கொண்டே வந்தேன்.

அண்ணியின் அம்மா போனில் சொன்னார்:
பல்லி எச்சம்தான் பட்டிருக்கும்,
காவி குழைத்து ஒரு சிங்கம் வரைந்துவிடு.
சின்ன மாமா கண்ணைச் சிமிட்டினார்:
யார் கொடுத்த முத்தமோ?

யார் கொடுத்தது?
மூன்று வயதில் எனக்கு
வாயெல்லாம் புண், ஆறு நாள் காய்ச்சல்,
ஐஸ்கட்டி தவிர எதுவும் இறங்கவில்லையாம்.
அந்த வாரம் பார்க்க வந்தவர்கள்
பதினாறு பேராவது இருக்கும்.
ஒருவர் ஆசையாய்க் குனிந்திருக்கிறார்.
அவருக்கும் தெரிந்திருக்காது.

ஞாயிறு. பதினோராம் மாடி.
முகக்கவசத்தோடு நடைக்கூடத்தில்
செருப்படுக்குக்குப் பக்கத்தில் நின்றேன்.
உள்ளேயிருந்து நெய் வாசனை,
கூடவே "திமிர்" என்று ஒரு சொல்.
அண்ணி எழுந்து வந்து
கம்பிக்கதவு வழியே என்னைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
திரும்பிப் போய்த் தன் கைப்பேசியைப்
பிள்ளையின் காதருகே பிடித்தாள்.

முகிலினி, என்றேன்.
காற்றில் ஒருமுறை போயிற்று,
அரை நொடி பிந்தி
கைப்பேசியில் இன்னொரு முறை.
மூன்று முறை சொன்னதை
ஆறு முறை கேட்டு
தும்மியது குழந்தை.
யாரோ "நூறு" என்றார்கள்.
எனக்கு லட்டு
காகிதத் தட்டில் வாசலுக்கு வந்தது.

பொருக்கு தானாய் உதிர ஒன்பது நாள்.
அதன்பிறகும் ஒரு வாரம் விட்டேன்.
இப்போது சீருடைப் பையில்
வெயில் தடுக்கும் உதட்டுக் களிம்பு,
பயண அட்டைக்குப் பின்னால்
முன்கூட்டியே வாங்கிய ஓர் அட்டை மாத்திரை.

நேற்று மடியில் வாங்கினேன்.
கையை நீட்டி என் வாயைத்தான் பிடிக்கப் பார்க்கிறாள்.
பழக்கத்தில் முகத்தைத் திருப்பி
சோப்பு மணக்கும் சுண்டுவிரலைக் கொடுத்தேன்.
அதுவும் போதும் என்பதுபோல்
பிடித்துக்கொண்டாள்,
விடவில்லை,
அடுத்த பணிக்கு நேரமாகியும்.